இருட்டுக்குள் ஒன்பது பேர்

பாண்டிச்செல்விக்கு ஆட்களை மதிக்கத் தெரியாது என்று விருதுநகர் பஜாரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். மதிக்கத் தெரியும், மதிக்கிற மாதிரி ஆள் சிக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாண ஆல்பம் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்களைக் கண்டால் அதைவிட இளக்காரம். செல்போனில் எடுத்த படத்தை நீட்டி, "இத நல்லாப் பெருசாப் போட்டுக் குடுங்க" என்று நிற்கிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, "எம்புட்டுப் பெருசா? இதுல உங்க காது மட்டுந்தான் தேறும்" என்பாள். கட்டின புருசனையும் இரண்டே வருசத்தில் அதே பார்வை பார்த்தாள். அவன் தூத்துக்குடியில் வேறு கல்யாணம் முடித்துச் சௌக்கியமாக இருக்கிறான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா செல்லச்சாமியும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். சிவகாசியில் அச்சுத் தொழில் டிப்ளமோ முடித்து, ஒரு காலண்டர் கம்பெனியில் ஏழு வருசம் புரூஃப் பார்த்தாள். பிறகு சென்னையில், கண்காட்சிக்குப் படம் அச்சிடும் ஒரு லேபில் மூன்று வருசம். அந்த லேப்காரர் ஒருநாள், "வர்றவனுக்குக் கருப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது, விடும்மா" என்றார். "உங்களுக்கும் தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டு இவள் ரயிலேறி விட்டாள்.

விருதுநகரில் ஜெய்லானி பாய் கண்ணாடியும் படச்சட்டமும் விற்கிறார். அவர் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, பன்னிரண்டு மை ஊற்றுகிற பழைய இங்க்ஜெட் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். சுற்றிலும் மிளகாய் வத்தல் குடோன்கள். ஜன்னலைத் திறந்தால் தும்மல் வரும், படத்தில் தூசியும் விழும். அதனால் ஜன்னல் எப்போதும் மூடித்தான் இருக்கும். ஜெய்லானி பாய் எதிலும் பதற்றப்படாத மனிதர். "கேக்குறதக் குடுத்துட்டுப் போ தாயி. உலகத்தத் திருத்தவா மிசின் வாங்குன" என்பார். அவரிடம் மட்டும் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள்.

அந்த அறைக்குத்தான் ஒரு தை மாசத்தில் சங்கரலிங்கம் வந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி. லேபிள் அடிக்கிற பிரஸ் ஒன்றும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் போட்டோக் கிறுக்குப் பிடித்திருந்தது. கம்பெனி ஆரம்பித்து அறுபது வருசம் நிறைவதை ஒட்டித் தன் படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறாராம். அவள் அம்மா இருந்திருந்தால் "மொதலாளி" என்று எழுந்து நின்றிருப்பாள். பாண்டிச்செல்வி உட்கார்ந்தபடியே, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

பென் டிரைவில் நாற்பது படம். வெம்பக்கோட்டை அணையில் மீன்கொத்தி மட்டும் பதினொன்று. சூரியன் இறங்குவது ஏழு. சுருக்கம் விழுந்த கிழவர்கள் ஆறு பேர், எல்லோரும் பீடியோடு. இருக்கன்குடியில் அக்கினிச்சட்டி எடுத்து வருகிற பெண்ணின் மூஞ்சிக்கு நேரே லென்ஸை நீட்டி, அவள் அழுவதைப் பிடித்தது நான்கு. பாண்டிச்செல்வி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். விலை கூடின கேமரா, கழுத்தில் கட்டின மணி மாதிரி. மாடு எங்கே போனாலும் சத்தம் மட்டும் வரும்.

முப்பத்தியிரண்டாவது படத்தில் அவள் கை நின்றது.

அவருடைய கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற ரூம். கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் முன்னால் ஒரு பெண். முகமெல்லாம் அலுமினியப் பொடி படிந்து வெள்ளி வார்த்தது போல் இருந்தாள். கண் மட்டும் தாழ்ந்து கையிலிருக்கும் சட்டியைப் பார்க்கிறது. அவளுக்குப் பின்னால் ஒரே இருட்டு. இந்த மனிதர் இதை அறிந்து எடுத்திருக்க மாட்டார், கை தவறி அமுக்கியிருப்பார் என்று பாண்டிச்செல்விக்குப் பட்டது. ஆனால் படம் நல்ல படம்.

"இதுதான் நடுவுல மாட்டணும். பெருசா" என்றார் சங்கரலிங்கம். "சிவகாசியில ரெண்டு எடத்துல போட்டுப் பாத்துட்டேன். ஒருத்தன் கருப்பச் சாம்பலாக் குடுத்தான். இன்னொருத்தன் தார ஊத்துன மாதிரி அப்பிட்டான். எனக்குக் கருப்பு கருப்பா வேணும்மா. ஆளமா இருக்கணும். உள்ள எறங்கிப் போற மாதிரி."

அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை அதுதான். பாண்டிச்செல்வி அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரலால் தட்டிக் காட்டினாள். அப்பளம் மாதிரி சத்தம் கேட்டது. "சாதா பேப்பர்ல மை உள்ள ஊறிரும். ஊறுனா கருப்பு வெளுத்துரும். இது நார்ல செஞ்ச பேப்பர், மேல மினுக்கம் இருக்கு. மை மேலேயே நிக்கும். பேரைட்டான்னு சொல்வாக. அந்த வெள்ளை பேரியம் பூச்சு."

சங்கரலிங்கம் தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பேரியமா? வேண்டாம்மா. கோர்ட்டுல கூடாதுன்னு சொல்லியிருக்கு. எவனாவது எளுதிப் போட்டான்னா கேசாயிரும்."

"அது பட்டாசுக்கு அண்ணாச்சி. இதக் கொளுத்தவா போறீக?"

அவர் யோசித்துத்தான் தலையாட்டினார். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார். "நம்ம பிரஸ்ல கருப்புக்கு அடியில கொஞ்சம் நீலத்தக் குடுப்போம். நல்லா ஏறும். அப்படிச் செஞ்சு பாரேன்."

"அது ஆப்செட்டு. மாட்டுக்குப் பருத்திக்கொட்ட நல்லதுன்னு நம்மளும் திங்க முடியுமா" என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த எட்டு நாள் அவள் வேறு வேலை எடுக்கவில்லை. அந்த மிஷினில் கருப்பு மை இரண்டு உண்டு. மங்கல் தாளுக்கு ஒன்று, மினுக்கத் தாளுக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் படம் காய்ந்த பிறகும் விரலில் ஒட்டும். சிவகாசிக்காரர்களில் ஒருவன் அதைத்தான் செய்திருப்பான் என்று அவளுக்கு நிச்சயம். மையைக் கூடுதலாகக் கொட்டினாலும் ஆகாது. குளம் கட்டி, சாய்த்துப் பார்த்தால் செம்பு நிறத்தில் பல்லிளிக்கும். இன்னொருவன் அதைச் செய்திருப்பான்.

அவள் முதலில் ஒரு பட்டை அடித்தாள். இருபத்தொரு கட்டம். முதல் கட்டம் முழுக் கருப்பு. அடுத்தடுத்தது மயிரிழை மயிரிழையாக வெளுக்கும். அடித்ததும் பார்க்கக் கூடாது, ஒருநாள் காய வேண்டும். மறுநாள் பார்த்தபோது முதல் ஏழு கட்டமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. மையைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அடித்தாள். மறுபடி ஒருநாள். நாலாவது பட்டையில், மூன்றாம் கட்டத்திலிருந்தே ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. கருப்பை அளக்கிற மீட்டரை முதல் கட்டத்தின் மேல் வைத்தாள். இரண்டு புள்ளி நாலு காட்டியது. மங்கல் தாளில் ஒன்று புள்ளி ஆறைத் தாண்டுவதே குதிரைக்கொம்பு. கிணறு ஆழமாக இருந்தால்தானே படிக்கட்டு நிறைய இருக்கும்; கருப்பும் அப்படித்தான். அடி ஆழமாகப் போகப் போக, அதற்கு மேலே இருக்கிற இருட்டெல்லாம் படிப் படியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒன்பதாம் நாள் அந்த ரூம் படத்தைச் சின்ன அளவில் அடித்துச் சுவரில் குத்தினாள். சங்கரலிங்கம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து எதிரே நின்றார். நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சாம்பலாத்தான இருக்கு."

"ஒரு எட்டு வலது பக்கம் நகருங்க."

நகர்ந்தார். அவர் முகம் மாறியது. "இப்பக் கருப்பா இருக்கே. என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. இம்புட்டு நேரமும் நீங்க பாத்தது உங்க சட்டய."

கண்காட்சி நடக்கிற மண்டபத்தின் விளக்கையும் தானே வந்து அமைப்பதாகச் சொன்னாள். எதிரே வெள்ளைச் சுவர் இருக்கக் கூடாது. விளக்கு மேலேயிருந்து சரிவாக விழ வேண்டும். படத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். இதையெல்லாம் சங்கரலிங்கத்துக்காகச் செய்யவில்லை. அந்தக் கருப்பை நாலு பேர் ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான்.

பெரிய படத்தை அடித்து, ஒருநாள் காயவிட்டு, காலையில் அதிசயமாக ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். முன்னால் இருக்கிற பெண்ணுக்குப் பின்னே இருட்டு பிரிந்து கிடந்தது. முதலில் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு ஒரு தோள். பிறகு குனிந்த தலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. சுவரோரத்தில் மருந்து சலிக்கிற ஒருத்தியின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. காலனியில் நாலு வீடு தள்ளியிருக்கிற சோலையம்மாள். அவள் மூக்கை யாரும் மறக்க முடியாது.

பாண்டிச்செல்வி முன்னால் இருக்கிறவளையும் சேர்த்து எண்ணினாள். ஒன்பது பேர்.

தலைகளுக்கு மேலே, சுவரில், பெயிண்டில் எழுதியிருந்ததும் படிக்க வந்தது. ரூம் நம்பர் பதினேழு. ஆட்கள் நான்கு.

இது அவளுக்குப் புதுசு இல்லை. ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். சீசனில் எட்டு ஒன்பது என்பது வழக்கம். அம்மா சொல்லியிருக்கிறாள், சோதனைக்கு ஜீப்பு வருகிறது என்று வாட்ச்மேன் விசில் ஊதினால், நாலு பேர் போக மிச்ச ஆட்கள் சீமைக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சில நாள் அங்கேயே சோற்றுவாளியைத் திறந்து தின்றுவிட்டு வருவார்களாம்.

ஜெய்லானி பாய் மேலே வந்தவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவுகட்ட ஒரு வார்த்த சொல்லிரு தாயி."

போன் போட்டாள். "அண்ணாச்சி, அந்த ரூம் படத்துல பின்னால இருட்டுக்குள்ள ஆள் எல்லாம் தெரியுது. பரவாயில்லையா?"

"அதாம்மா ஆர்ட்டு" என்றார் சங்கரலிங்கம். "டீட்டெயில் வேணும். உங்களுக்கெல்லாம் அது புரியறதுக்குக் கொஞ்சம் நாளாகும்."

பாண்டிச்செல்வி போனைக் கீழே வைத்தாள். எத்தனை ஆள், சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு சொல்லத் தோன்றவில்லை. தன் ரூமில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தன் படத்திலேயே எண்ணத் தெரியாதவனுக்கு நாம் ஏன் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிவகாசியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி திறந்தது. பன்னீர், சந்தனம், நாதஸ்வரம். மாமன் மச்சான், பேப்பர் வியாபாரிகள், ஏஜெண்டுகள் எல்லாம் மீன்கொத்திக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். பேசினவர்கள் அத்தனை பேரும் கேமராவின் விலையைச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர்களில் ஒருவர் பட்டாசு ஆலைகளைச் சோதிக்கிற அதிகாரி. சால்வை போர்த்தி அவரை நடுப்படத்துக்குக் கூட்டி வந்தார் சங்கரலிங்கம்.

"பக்கத்துல வந்து பாருங்க சார். கண்ணாடி கூடப் போடல. மத்தவன் போட்டா இந்த எடம் வெறுங்கருப்பா இருக்கும். இதுல பாருங்க, உள்ள உக்காந்திருக்கிற ஆள் கூடத் தெரியும்."

அதிகாரி பக்கத்தில் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஆள்காட்டி விரல் காற்றில் மெல்ல அசைந்தது. பாண்டிச்செல்வி விளக்குக்குக் கீழே சுவரோரம் நின்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

"எத்தன பேர் தெரியறாங்க உங்களுக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"நிறைய சார்" என்றார் சங்கரலிங்கம் பெருமையாக. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "இது பழைய படம் சார். அப்பா காலத்துல..."

"மேல எழுதியிருக்கே. அது போன வருசம் நாங்க எழுதச் சொன்னதுல்ல?"

நாதஸ்வரக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அதிகாரி சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஜீப்பு வந்தது. யாரும் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே வந்தது. பதினேழாம் நம்பர் ரூமோடு சேர்த்து ஆறு ரூமுக்கு ஒரு மாசம் சீல். சங்கரலிங்கம் யார் யாரையோ போய்ப் பார்த்து, இருபதே நாளில் திறந்துவிட்டார். அவருக்கு அவ்வளவுதான் நடந்தது. போன் போட்டு, கோபப்படாமல், "அந்த ஒரு படத்த மட்டும் பின்னால நல்லா இருட்டாக்கிக் குடுத்துரும்மா" என்றார்.

"நீங்க கேட்ட கருப்பு அதுதான் அண்ணாச்சி. வேற கருப்பு எங்கிட்ட இல்ல."

"சரி, வேற எடம் பாத்துக்கிறேன்."

"தார் ஊத்துறவன் சிவகாசியிலயே இருக்கான்னு சொன்னீகளே."

அன்றைக்கு அவள் மனசு நிறைந்துதான் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வெயிலில் வெந்து, மூச்சு வாங்கப் படியேறி சோலையம்மாள் வந்தாள். கீழேயிருந்து ஜெய்லானி பாய் செம்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைக் குடித்துவிட்டு, மிஷினைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த எந்திரம்தானா?"

"ஆமா சின்னம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. அந்த ரூமுல நாங்க ஒம்பது பேரு. தொறந்த பிறகு நாலு பேர மட்டும் எடுத்துக்கிட்டான். அஞ்சு பேருக்கு வேல இல்ல. எனக்கும் இல்ல. நாகஜோதிய மட்டும் முன்னால வெளிச்சத்துல உக்கார வச்சுப் படம் எடுத்தான்ல, அவ உள்ள இருக்கா."

பாண்டிச்செல்வி, "அவன் ஒரு மடையன் சின்னம்மா. நான் போன்ல சொன்னேன். கேக்கல" என்றாள்.

"என்ன சொன்ன?"

"ஆள் தெரியுதுன்னு சொன்னேன்."

"ஒம்பது பேருன்னு சொன்னியா?"

பாண்டிச்செல்வி மிஷின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"எண்ணிப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"அதுல நான் இருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும்."

சோலையம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அவனுக்குச் சொல்லாட்டிப் போ. அவன் கழுத. என் வீடு உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. ஞாயித்துக்கிழம வாரேல்ல. 'சின்னம்மா, இப்படி ஒண்ணு நடக்கப் போகுது, வேற கம்பெனியில சொல்லி வச்சுக்கோங்க'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு வாயில்லையா? அவன அவமானப்படுத்துற சோக்குல எங்கள எண்ணிட்டு விட்டுட்ட."

பாண்டிச்செல்விக்கு எதிராளியின் வாயை அடைக்க எப்போதும் ஒரு வார்த்தை கைவசம் இருக்கும். ஒன்பது பேர் ஒரே ரூமில் இருந்தால், ஒரு பொறி போதும், ஒன்பது பேரும் போவார்கள் என்று சொல்லலாம்தான். அது உண்மையும்கூட. ஆனால் எண்ணும்போது அவள் அதை நினைக்கவில்லை. சங்கரலிங்கத்தின் மூஞ்சி எப்படிப் போகும் என்றுதான் நினைத்தாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்த அந்தப் பார்வை, முதல் தடவையாகத் தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நன்றாக இல்லை.

"அந்தப் படத்தக் காட்டு" என்றாள் சோலையம்மாள்.

சுவரில் குத்தியிருந்த சின்னப் படத்தைக் காட்டினாள். சோலையம்மாள் கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடி கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. என் மூக்கு அப்படியே இருக்கு."

"ஒண்ணு போட்டுத் தரட்டா சின்னம்மா? பாய்ட்ட சொல்லிச் சட்டமும் போட்டு..."

"எதுக்கு? மருந்து சலிக்கிறத வீட்டுலயும் பாக்கவா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் பாண்டிச்செல்வி கடையைத் திறக்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் தனக்குத் தெரிந்த நாலு கம்பெனி போர்மேன்களைத் தேடிப் போனாள். எல்லோரும் அவள் இளக்காரம் பண்ணின ஆட்கள்தான். ஒருவரின் கல்யாணப் படத்தை, "இது படமில்ல, ரேசன் கார்டு" என்று திருப்பிக் கொடுத்திருந்தாள். அவர் அதை மறக்கவில்லை. அரைமணி நேரம் வெளியே நிற்க வைத்தார். நின்றாள். அஞ்சு பேரில் சோலையம்மாளோடு சேர்த்து மூன்று பேருக்கு அவரிடம் இடம் கிடைத்தது. மற்ற இருவர் தாங்களே தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனார்கள். சோலையம்மாளிடம் இதை யார் சொன்னார்களோ தெரியாது, பாண்டிச்செல்வி சொல்லவில்லை. அவளும் நன்றி என்று வாய் திறக்கவில்லை. தெருவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

வருசம் திரும்பியது. மதுரையில் ஏதோ ஒரு போட்டோச் சங்கத்தின் போட்டியில் சங்கரலிங்கத்துக்கு முதல் பரிசு. பேப்பரில் படமும் வந்தது. அதே படம்தான். பின்னால் முழுக்கக் கருப்பை அப்பி, முன்வரிசையில் நாலே நாலு பேரை விட்டு வைத்திருந்தார். சுவரில் எழுதினது மட்டும் அழகாகத் தெரிந்தது. கீழே தலைப்பு: 'நான்கு தீபங்கள்.' பரிசு கொடுத்தவர் அந்த இருட்டில் ஒரு தத்துவம் இருப்பதாகப் பேசியிருந்தார்.

ஜெய்லானி பாய் பேப்பரை மடித்துக் கொடுத்தபோது, அவள் அந்தக் கருப்பின் தரத்தைப் பற்றிப் பத்து நிமிசம் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை, கம்பெனி வேனுக்கு நிற்கிற சோலையம்மாளிடம் பேப்பரைக் காட்டி, விசயத்தைச் சொன்னாள்.

சோலையம்மாள் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்த நாலுல நான் இருக்கேனா?"

"இல்ல சின்னம்மா. உங்க மேல கருப்பு அடிச்சுட்டாக."

"நல்லதாப் போச்சு" என்றாள் சோலையம்மாள். "அவன் வீட்டுச் சுவத்துல எனக்கு என்ன சோலி."

பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். வேன் வந்து நின்றது. சோற்றுவாளியை முதலில் உள்ளே நீட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.